சிறு விமானத்தில் சிறு குழந்தைகள்: என்ஜினை முடுக்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கலிபோர்னியாவின் சான் கார்லோஸ் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, குறுக்கே கிடக்கும் மலைத்தொடரைத் தாண்டி, ஹாஃப் மூன் பே விமான நிலையத்தில் இறங்குவதற்கு, செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தில் ஏறத்தாழ கால் மணி நேரம் போதும். இறங்கிய பின் நடந்தே பில்லர் பாயின்ட் துறைமுகத்துக்குப் போய், மீன்பிடிப் படகுகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, ஏதேனும் சாப்பிட்டுவிட்டு, மதிய வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். தனியார் விமானி உரிமம் பெற்ற தாயோ தந்தையோ தம் குழந்தைகளை முதன்முதலாக வானில் அழைத்துச் செல்ல இத்தகைய குறும்பயணமே ஏற்றது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின்னால் பல நாள் ஆயத்தம் இருக்க வேண்டும். காரில் குழந்தை வீறிட்டால் சாலையோரமாக நிறுத்திப் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். வானில் நிறுத்துவதற்கு ஓரம் கிடையாது. ஆகவே குழந்தைக்காகச் செய்ய வேண்டியவை அனைத்தையும் தரையிலேயே செய்து முடித்துவிட்டு, சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு விமானி விமானத்தை மட்டுமே கவனிக்கும் நிலையை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த ஒரே நோக்கத்துக்கானது.

முதலில் இருக்கை. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத் தனி இருக்கையும் தனி பெல்ட்டும் கட்டாயம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மடியில் வைத்துக்கொள்வது சரியாகிவிடாது. 25 பவுண்டு எடையுள்ள குழந்தை, வயலில் அவசரமாக இறங்கும்போது ஏற்படக்கூடிய 9 மடங்கு ஈர்ப்பு விசையில் 225 பவுண்டு எடையாகிவிடும். அந்த எடையைப் பிடித்து நிறுத்தும் கை எந்தத் தாய்க்கும் இல்லை. குழந்தையை மடியில் இருத்தி இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுவது அதைவிடக் கேடானது. விமானம் திடீரென நிற்கும் கணத்தில் பெரியவரின் உடல் முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். எனவே, பிறந்து சில மாதமே ஆன குழந்தையாக இருந்தாலும் கார் சீட்டிலேயே உட்கார வைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எல்லாக் கார் சீட்டுகளும் விமானத்துக்குப் பொருந்துவதில்லை. மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையை உயர்த்தி உட்கார வைக்க மட்டும் உதவும் பூஸ்டர் சீட்டுகளுக்கு அந்த வாசகம் இருக்காது. அவை மடி பெல்ட்டும் தோள் பெல்ட்டும் சேர்ந்த இருக்கைக்காக வடிவமைக்கப்பட்டவை. பழைய சிறு விமானங்களின் பின் இருக்கையிலோ பெரும்பாலும் மடி பெல்ட் மட்டுமே இருக்கும். 1986 டிசம்பர் 12-ஆம் தேதிக்குப் பின் தயாரான சிறு விமானங்களில்தான் எல்லா இருக்கைகளுக்கும் தோள் பெல்ட் கட்டாயமாக்கப்பட்டது. பறக்கும் பயிற்சிக் கழகங்களில் வாடகைக்குக் கிடைக்கும் விமானங்களில் கணிசமானவை அதற்கு முந்தையவை. ஆகவே ஐந்து வார்ப்பட்டைகள் கொண்ட, முன்னோக்கிய கார் சீட்டின் எடை வரம்புக்குள் குழந்தை இருக்கும்வரை அதையே பயன்படுத்துவது நல்லது. அதனால் இன்னொரு பயனும் உண்டு: சீட்டின் உயரத்தால் குழந்தைக்கு ஜன்னல் எட்டும். வெளியே பார்க்க முடியாமல் முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத்தான் குமட்டல் விரைவில் வரும்.

கார்களில் இருப்பதுபோல் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் சிறு விமானங்களில் பொதுவாக இருப்பதில்லை. விமானத்தின் பெல்ட்டைக் கார் சீட்டின் உள்வழியே செலுத்தித்தான் இறுக்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விமான பெல்ட்டின் கொளுவி, நெம்புகோலை மேலே தூக்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அது கார் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டால், நெம்புகோலை முழுமையாகத் தூக்க இடமில்லாமல் போகும். அவசரத்தில் சீட்டை வெளியே எடுக்க முடியாது. மேலும், பின்னோக்கி வைக்கும் சீட், முன் இருக்கையை வெகுவாக முன்னே தள்ளிவிடக்கூடும். அகலமான இரண்டு சீட்டுகள் செஸ்னாவின் பின் இருக்கையில் அடுத்தடுத்துப் பொருந்தாமலும் போகலாம். இவற்றையெல்லாம் பயணத்தன்று காலையில் கண்டுபிடிக்கக் கூடாது. சில நாள்களுக்கு முன்பே விமானம் நிறுத்தியிருக்கும் ஹாங்கர் கொட்டகைக்குச் சென்று, சீட்டுகளைப் பொருத்திப் பார்த்து, கொளுவியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் பழக்கம் இரு பெரியவர்களுக்கும் வரும்வரை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.

யார் எங்கே உட்காருவது என்பது அடுத்த கேள்வி. முன்வரிசையின் வலது இருக்கையில் சிறு குழந்தையை உட்கார வைக்கும் ஆசை பல தந்தையருக்கு உண்டு. படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் அங்கே கட்டுப்பாட்டுக் கைப்பிடியும் கால் மிதிகளும் இருக்கின்றன, கார் சீட்டை வைத்தால் கைப்பிடி முழு அளவுக்குப் பின்னால் வராமல் தடைபடவும் கூடும். நான்கு இருக்கை விமானத்தில் ஒரு குழந்தை என்றால், அதன் பக்கத்தில் பின்வரிசையில் பெரியவர் ஒருவர் உட்காருவதே சாலச் சிறந்தது. இரண்டு குழந்தைகள் என்றால், இருவரும் பின்னால், விமானி அல்லாத பெரியவர் முன்னால் வலது பக்கம். அவர் பின்னால் எக்கிக் கொடுக்க வேண்டியவற்றை எல்லாம் தம் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானி ஒருவரே பெரியவர், பின்னால் இரண்டு மழலைகள் என்ற ஏற்பாட்டில் நான் பறக்க மாட்டேன். மற்றவர்களையும் வேண்டாம் என்றே சொல்வேன். சோதனை விமானச் சங்கமான இ.ஏ.ஏ. 1992 முதல் நடத்திவரும் இலவசப் பறத்தல் திட்டத்தில்கூட 8 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்களையே ஏற்றுகிறார்கள். அதற்குக் கீழே எல்லாப் பொறுப்பும் பெற்றோருடையது.

எடைக் கணக்கில் குழந்தைகள் ஏமாற்றிவிடுவார்கள். குழந்தைக்கு எடை குறைவு. குழந்தையின் சாமான்களுக்கு எடை அதிகம். செஸ்னா 172 எஸ் வகையை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 2,550 பவுண்டு. வெற்று விமானத்தின் எடை 1,680 பவுண்டு என்று கொண்டால் (ஒவ்வொரு விமானத்துக்கும் இது மாறும், அதன் ஆவணத்தைப் பார்த்தே எழுத வேண்டும்) மீதி 870. பயன்படுத்தத்தக்க எரிபொருள் 53 காலன், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 318 போனால் 552. பெரியவர் இருவர் சேர்ந்து 320 என்றால் எஞ்சுவது 232. நான்கு வயதுக் குழந்தை 40, ஒன்றரை வயதுக் குழந்தை 25, கார் சீட்டுகள் இரண்டும் 35 என்று வைத்தால் 132 பவுண்டு மிஞ்சுகிறது. தள்ளுவண்டி, மடக்குக் கட்டில், டயப்பர் பை, மாற்றுடை, பால் பாட்டில்கள், தண்ணீர், பெரியவர்களின் பைகள் என்று அடுக்கினால் அது எவ்வளவு விரைவில் கரையும் என்பதை வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். அதோடு, பின்னால் இருக்கும் சரக்கு அறையின் வரம்பு 120 பவுண்டுதான். இடம் இருக்கிறது என்பதற்காக அதற்கு மேல் ஏற்றினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகும். குழந்தைகள் வளர்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கோடைக்கு முன் போட்ட கணக்கை அதே ஆண்டு தீபாவளிக்குப் பயன்படுத்த முடியாது. எரிபொருளைக் குறைத்து, வழியில் ஓரிடத்தில் இறங்குவது பெரும்பாலும் நல்ல தீர்வு. குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கத்தான் வேண்டியிருக்கும், ஏனெனில் அந்த விமானத்தில் கழிவறை இல்லை.

காது வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். குழந்தைக்குப் பறத்தல் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. நடுக்காதையும் தொண்டையின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய், குழந்தைகளுக்குக் குறுகலாகவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருக்கும். ஏறும்போது நடுக்காதிலுள்ள காற்று விரிந்து தானே வெளியேறிவிடுகிறது. இறங்கும்போது வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் குழந்தை விழுங்க வேண்டும். ஆகவே வலி இறக்கத்தில்தான். சளி பிடித்திருக்கும் குழந்தையை அழைத்துச் செல்லவே கூடாது. உடல்நலமுள்ள குழந்தைக்கு இறக்கம் தொடங்கும் நேரத்தில் தாய்ப்பாலோ பாட்டிலோ, சற்று வளர்ந்த குழந்தைக்கு உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்க் குப்பியோ கொடுக்கலாம். பாலூட்டுவதற்காகக் குழந்தையைச் சீட்டிலிருந்து எடுக்காமல், பாட்டிலில் கொடுப்பதே இந்த இடத்தில் நல்லது. தூங்கும் குழந்தை குறைவாகவே விழுங்கும் என்பதால், இறக்கம் தொடங்குமுன் மெல்ல எழுப்பிவிட வேண்டும். தூங்குகிறதே, எழுப்புவானேன் என்று விட்டுவிட்டால், கடைசி ஆயிரம் அடியில், விமானிக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அலறி எழும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இறங்கும் வேகம். வழக்கமாக நிமிடத்துக்கு 500 அடி இறங்குவோம். குழந்தை இருந்தால் 300 அடி போதும். 5,500 அடியிலிருந்து, கடல் மட்டத்தை ஒட்டியுள்ள ஒரு நிலையத்தில், இறங்குமுன் அதைச் சுற்றிப் பறக்கும் 1,000 அடி உயரச் சுற்றுப்பாதைக்கு வர 4,500 அடி இறங்க வேண்டும். 300 வீதம் 15 நிமிடம். தரை வேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) என்றால் அதற்குள் 27 கடல் மைலுக்கு மேல் கடந்துவிடுவோம். ஆகவே 30 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்; அந்த இடத்தை வரைபடத்தில் முந்தைய நாளே குறித்து வைக்க வேண்டும். இடையில் மலை இருந்தால், அதைத் தாண்டிய பின் மீதமுள்ள தூரத்தில் மெதுவாக இறங்க முடியாது. அப்படியானால் நிலையத்துக்கு மேலே சற்று விலகி ஒரு வட்டம் கூடுதலாகச் சுற்ற வேண்டியதுதான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம், குழந்தைகள் இருக்கிறார்கள், மெதுவாக இறங்க விரும்புகிறோம் என்று சொல்லிவிடுவதில் கூச்சம் வேண்டாம். நெரிசல் இல்லாதபோது இடம் கொடுப்பார்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை பெற்றோரின் அச்சம் தேவைக்கு மேற்பட்டது. பெரிய பயணிகள் விமானத்தின் அறைக்குள்ளேயே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஈடாகத்தான் இருக்கும். சிறு விமானத்தில் 5,500 அடியில் பறக்கும் குழந்தை, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஜெட் விமானத்தில் போகும் குழந்தையைவிட அடர்ந்த காற்றையே சுவாசிக்கக்கூடும். 8,000 அடிக்கு மேல் போகாத வழியைத் தேர்ந்தால் போதும்.

இரைச்சல்தான் உண்மையான கவலை. ஒற்றை என்ஜின் விமானத்தின் அறைக்குள் ஒலி 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். தொழிலிடப் பாதுகாப்பு அளவுகோலின்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான். அது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. கைக்குழந்தைக்குத் தலையைச் சுற்றும் மென்பட்டியுடன் கூடிய காது மூடி, பேசத் தெரிந்த குழந்தைக்குச் சிறுவர் அளவு ஹெட்செட். பெரியவர்களின் ஹெட்செட் குழந்தையின் தலையில் பிடிக்காது. தாடையருகே இடைவெளி விழுந்து, போட்டும் போடாத கதையாகிவிடும். வாங்கிய உடனே விமானத்தில் மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில், மிக்ஸி ஓடும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விளையாட்டாகப் பழக்கினால், ஹெட்செட் அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளாகிவிடும்.

ஹெட்செட் போட்ட குழந்தை பேசும். இடைவிடாமல் பேசும். பயணிகள் விமான நிறுவனங்களில் 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி உண்டு. சிறு விமானத்துக்கு அது கட்டாயமில்லை என்றாலும் வீட்டு விதியாக வைத்துக்கொள்வது நல்லது. விமானி கையை உயர்த்தினால் எல்லோரும் மௌனம் என்று முன்பே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், இன்டர்காமில் விமானியைப் பிரித்து வைக்கும் சுவிட்சைப் போட்டுவிடலாம். பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். குழந்தை வாந்தி எடுக்கலாம், தண்ணீரைக் கொட்டலாம், அழலாம். அவை மற்றப் பெரியவரின் வேலை. விமானி திரும்பிப் பார்க்கக் கூடாது. இதை இருவரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும், ஏனெனில் தன் குழந்தை அழும்போது திரும்பாமல் இருப்பது எந்தப் பெற்றோருக்கும் இயல்பாக வருவதில்லை.

பயண நேரம் காலையாக இருக்கட்டும். கோடையில் பத்து, பதினொரு மணிக்குமேல் தரை சூடாகி எழும் காற்றால் விமானம் குலுங்கும். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கே பயணக் குமட்டல் மிகுதி. கலிபோர்னியாக் கடலோரத்தில் மட்டும் காலைப் பனிமூட்டம் விலகும்வரை காத்திருக்க நேரும். வயிற்றுக்குக் கனமாக எதுவும் வேண்டாம்; இட்லி ஒன்றோ, வாழைப்பழமோ போதும். வாந்திப் பையைத் திறந்த நிலையில் கைக்கு எட்டும் இடத்தில் செருகி வைக்க வேண்டும். குழந்தை தூங்கட்டும் என்று மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

தூக்கம் பற்றி இன்னொன்று. சிறு விமானத்தின் சூடேற்றி, புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வரும் காற்றையே அறைக்குள் விடுகிறது. குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. வேகமாக மூச்சுவிடும் குழந்தைகளையே அது முதலில் தாக்கும். அவர்கள் தலைவலி என்று சொல்லத் தெரியாமல் தூங்கிப்போவார்கள், நாமோ நிம்மதியாகத் தூங்குகிறது என்று மகிழ்வோம். அந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஒலியெழுப்பும் மின்னணுக் கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

வானிலையைப் பற்றி எழுதும்போது 1996 ஏப்ரல் 11-ஆம் தேதி நினைவுக்கு வராமல் இருக்காது. நாட்டைக் குறுக்கே கடந்து சாதனை படைக்கும் நோக்கில், 7 வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையும் பறத்தல் பயிற்றுநரும் உடன்வர, வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரிலிருந்து செஸ்னா 177 பி விமானத்தில் புறப்பட்டாள். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது, விமானம் எடை வரம்பை மீறியிருந்தது, அந்நகரம் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் என்ஜினின் திறன் குறைந்திருந்தது. புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் விழுந்து மூவரும் இறந்தனர். பயிற்றுநரின் புறப்படும் முடிவே தவறானது என்று கூறிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையும் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் காரணங்களில் சேர்ந்தன என்று பதிவு செய்தது. நமக்கு ஊடக நெருக்கடி இல்லை. ஆனால், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் மான்டரேயில் காத்திருக்கிறார்கள், குழந்தை மூன்று நாளாக நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதும் அதே வகை நெருக்கடிதான். அதனால், தனியாகப் பறக்க ஏற்றுக்கொள்ளும் மேகங்களின் அடிமட்ட உயரத்தையும் காற்று வேகத்தையும் விடக் கண்டிப்பான எல்லையைக் குழந்தைகளோடு பறக்கும் நாளுக்கென்று எழுதி வைக்க வேண்டும். பயணத்தை ரத்து செய்தால் போக வேண்டிய வேறு இடமும் தயாராக இருக்கட்டும். சான் கார்லோஸ் நிலையத்தை ஒட்டியே ஹில்லர் விமான அருங்காட்சியகம் இருப்பது இதற்கு வசதி. விமானம் பார்க்கப் போகலாம் என்று மட்டும் குழந்தையிடம் சொல்லியிருந்தால் வாக்கும் பொய்க்காது. பயணிகளை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் குறைந்தபட்சம். குழந்தைகளோடு பறக்கும் வாரத்திலேயே ஒருமுறை பயிற்றுநரோடு, அதே எடை ஏற்றத்தோடு பறந்துவிட்டால் மனம் தெளிவாக இருக்கும்.

விமானத்தை முன்னாய்வு செய்யும்போது குழந்தைகள் கீழே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களை மற்றப் பெரியவரோடு ஓய்வறையில் விட்டுவிட வேண்டும். எரிபொருளின் மாதிரியைச் சோதித்த கையோடு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பதும் கூடாது. வழக்கமான விமானப் பெட்ரோலில் இன்றும் ஈயம் இருக்கிறது. சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவை ஆராய்ந்த பின், சாண்டா கிளாரா மாவட்ட நிர்வாகம் 2022 ஜனவரி முதல் அங்கே ஈயம் கலந்த எரிபொருள் விற்பனையை நிறுத்திவிட்டது. சோப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து குழந்தையைத் தூக்குங்கள்.

ஏறும் வரிசைக்கும் ஒழுங்கு உண்டு. செஸ்னாவில் இரு பக்கமும் கதவு. பைப்பர் செரோக்கி போன்ற தாழ்சிறகு விமானத்தில் வலப்பக்கம் ஒரே கதவு. அதில் பின்வரிசையினர் முதலில், பிறகு விமானி, கடைசியில் முன் வலது இருக்கைக்காரர். அவசரத்தில் முதலில் வெளியேற வேண்டியவர் கதவருகே இருப்பவர் என்பதால், யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது, எந்தப் பக்கம் போய் நிற்பது என்பதை என்ஜினை முடுக்குமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இறங்கிய பின் அவசரம் வேண்டாம். வரவேற்க வந்தவர்கள் கையசைப்பார்கள், குழந்தை துள்ளும். அந்த நேரத்தில்தான் கவனம் சிதறும். சுழலும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. நின்றுவிட்ட ப்ரொப்பெல்லரும் கையால் அசைத்தால் எதிர்பாராமல் உதைக்கக்கூடியது. ஆகவே, என்ஜின் நின்று, ப்ரொப்பெல்லர் அசைவற்று, சாவியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி கருவிப் பலகையின் மேல் வைத்த பிறகே எந்தக் கதவும் திறக்கலாம். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, சிறகுக்குப் பின்பக்கமாக நின்று கையை நீட்டியதும் குழந்தைகளை ஒவ்வொருவராக அவர் கையில் கொடுக்க வேண்டும். விமானத்தை விட்டு விலகி ஓய்வறைக் கதவை அடையும்வரை அந்தக் கையை விடக் கூடாது.